அல்வா தின்ற மாப்பிள்ளை

கண்டக்டர் வேலையிலிருந்து ரிட்டயர் ஆகி இரண்டு வருடம் ஆகியும் கன்னையாவுக்கு பஸ்ஸில் உட்கார்ந்து வரும் பழக்கம் வரவில்லை. சித்தூரில் ஏறியதிலிருந்து எழுந்து எழுந்து பின்பக்கம் பார்த்துக்கொண்டே இருந்தார். டிக்கெட் எடுக்காதவனை மூஞ்சியைப் பார்த்தே சொல்லிவிடுவார் என்று டிப்போவில் அவருக்குப் பெயர். அந்த ஒரு தகுதியை நம்பித்தான் ஜமீலா அவரைத் தன் துப்பறியும் நிறுவனத்தில் சேர்த்துக்கொண்டாள். நிறுவனம் என்றால் ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஓர் அறை, இரண்டு நாற்காலி, ஒரு டேபிள் ஃபேன்.

"உக்காருங்கண்ணா. கண்டக்டர் உங்களை முறைக்கிறார்."

"மூணாவது சீட்டு, நீலச் சட்டை. டிக்கெட் எடுக்கல மேடம்."

"அவர் டிரைவரோட மச்சான். ஏறும்போது ரெண்டு பேரும் வீட்டு விஷயம் பேசிக்கினு இருந்தாங்க."

கன்னையா உட்கார்ந்தார். இந்தப் பெண்ணிடம் வேலை செய்வதில் இது ஒன்றுதான் கஷ்டம். தான் பாதி சொல்லும்போதே அவள் முடித்துவிடுவாள்.

ஜமீலா ஃபோனில் அந்தப் போட்டோவை மறுபடியும் பெரிதாக்கினாள். வழக்கு முழுவதும் அதற்குள்தான் இருந்தது.

விஜயபுரம் பக்கத்து விவசாயி நாராயணசாமி நேற்று வந்து சொன்ன கதை இது. அவருடைய மகள் ரூபா ஸ்ரீசிட்டியில் ஒரு தொழிற்சாலை லேபில் வேலை செய்கிறாள். அவளுக்குப் பார்த்த மாப்பிள்ளை பூவராகவன், சித்தூர்ப் பையன். டெல்லியில் மத்திய அரசின் பட்ஜெட் பிரிவில் அதிகாரி. தாய் தகப்பன் இல்லை, பெரியப்பா வளர்த்த பிள்ளை. பிப்ரவரி இரண்டாம் தேதி திருப்பதியில் நிச்சயதார்த்தம். எல்லாம் பேசி முடிந்த பிறகு, போன வாரம் மாப்பிள்ளை ரூபாவுக்கு ஒரு போட்டோ அனுப்பினான். கையில் கிண்ணம், கிண்ணத்தில் அல்வா, வாயெல்லாம் பல். அன்றிரவே அவன் ஃபோன் அணைந்தது. இரண்டு நாள் கழித்து வேறு ஒரு நம்பரிலிருந்து நாராயணசாமிக்கு அழைப்பு வந்தது. "நான் பூவராகவன் பேசறேன். டெல்லியில எனக்கு ஏற்கெனவே ஒரு குடும்பம் இருக்கு. நிச்சயத்த நிறுத்திடுங்க." அதற்குப் பிறகு அந்த நம்பரும் அணைந்தது.

ரூபாவின் தாய்மாமன் வரதராஜன் சும்மா இருக்கவில்லை. பூவராகவனுடைய பிரிவின் தலைவர் யார் என்று விசாரித்து, அவருக்கே ஒரு புகார் எழுதி வைத்துவிட்டார். இன்று சாயங்காலம் அந்த மெயில் டெல்லிக்குப் போகும். அதற்கு முன் இன்னொரு குடும்பம் உண்டா இல்லையா என்று தெரிய வேண்டும். "ஒரு பையன் சோத்துல மண்ணு விழற விஷயம்மா. பொய்ப் புகாரு ஆயிடக் கூடாது பாரு" என்றுதான் நாராயணசாமி கேட்டுக்கொண்டார்.

"அல்வா குடுத்துட்டுப் போனவனைப் பாத்திருக்கேன் மேடம்," என்றார் கன்னையா. "அதைப் போட்டோ புடிச்சி அனுப்பிட்டுப் போனவன் இவன் ஒருத்தன்தான்."

"அவனை விடுங்க. பின்னாடி பாருங்க."

பின்னால் இடுப்பு உயரத்துக்கு ஒரு இரும்புச் சட்டி. அதைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு பேர். கோட்டு போட்டவர்கள், ஸ்வெட்டர் போட்டவர்கள், எல்லார் கழுத்திலும் அடையாள அட்டை.

"கல்யாண வீடு," என்றார் கன்னையா.

"கல்யாண வீட்ல ஐடி கார்டு எதுக்கு?"

"டெல்லிக் கல்யாணம். மாப்பிள்ளை எவன்னு சந்தேகம் வரக் கூடாது இல்ல?"

ஜமீலா சிரித்தாள். பஸ் சந்திரகிரியைத் தாண்டியது. "ஆபீஸ் நேரத்துல, ஆபீசுக்குள்ள, அவ்வளவு பெரிய சட்டியில அல்வா கிண்டறாங்க. ஏன்னு தெரிஞ்சா பையன் எங்கன்னு தெரியும். இவனுக்குப் பாடம் சொல்லிக் குடுத்தவங்க திருப்பதியில இருக்காங்க. அங்கதான் போறோம்."

ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்னால், மாடியில், போட்டித் தேர்வுப் பயிற்சி மையம். சபீனா அங்கே பொருளாதாரம் எடுப்பவர். ஒரு கையில் டஸ்டர், ஒரு கையில் டீ டம்ளர். போட்டோவைப் பார்த்ததும் டம்ளரைக் கீழே வைத்தார்.

"அட, உள்ள போய்ட்டானா?"

"எங்க மேடம் உள்ள?" என்றார் கன்னையா. "ஜெயிலா?"

"கிட்டத்தட்ட அப்படித்தான். பூட்டி வெச்சிருக்காங்க."

"போலீஸா?"

"அவங்க ஆபீஸே."

கன்னையா ஜமீலாவைப் பார்த்தார். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"வருசா வருசம் நடக்கிறதுதான்," என்றார் சபீனா. "பட்ஜெட் வேலை கடைசிக் கட்டத்துக்கு வந்ததும் ஆபீஸ்ல அல்வா கிண்டுவாங்க. எல்லாருக்கும் ஒரு கிண்ணம். துன்னு முடிச்சதும் அந்த வேலையில இருக்கிறவங்களை உள்ளயே வெச்சிடுவாங்க. சாப்பாடு, தூக்கம் எல்லாம் அங்கயேதான். ஃபோன் கிடையாது. மந்திரி பார்லிமெண்ட்ல படிச்சி முடிச்ச பின்னாலதான் வெளிய வருவாங்க. நடுவுல ஒரு வார்த்தை கசிஞ்சாலும் யாரோ ஒருத்தன் அதை வெச்சிக் கோடி பாத்துடுவான் இல்ல, அதுக்குத்தான்."

"அப்ப அந்தப் பிரிவோட தலைவர்?" என்று கேட்டாள் ஜமீலா.

"நாட்டுல இருக்கிற ஒவ்வொரு இலாகாவும் எனக்கு இவ்ளோ வேணும், எனக்கு அவ்ளோ வேணும்னு வந்து நிக்கும். கேக்கிறதெல்லாம் குடுத்தா கஜானா தாங்காது. எதை விடறது, எதை வெட்டறது, எவ்ளோ கடன் வாங்கறது, எல்லாத்தையும் சேர்த்து ஒரே கணக்கா நிக்க வெக்கிறது அவரோட வேலை. முடிவு பண்றது மேல இருக்கிறவங்க. டிவியில படிக்கிறது மந்திரி. படிக்கிற தாள்ல ஒரு புள்ளிகூடத் தப்பா இருக்கக் கூடாதுன்னு தூக்கம் இல்லாம கிடக்கிறவர் இவர்."

"அப்ப மந்திரி டிரைவரு, இவரு கண்டக்டரு," என்றார் கன்னையா.

"அதேதான். விசில் அடிக்காம வண்டி எடுக்க முடியுமா?"

கன்னையாவுக்கு அந்தப் பெயர் தெரியாத டெல்லிக்காரர்மேல் சட்டென்று ஒரு மரியாதை வந்துவிட்டது.

"உள்ள யாரு இருக்கணும்னு அவர் சொல்றதுக்குத்தான் கனம்," என்று தொடர்ந்தார் சபீனா. "எதாவது வெளிய போச்சுன்னா முதல் கேள்வி அவரைத்தானே கேப்பாங்க? அதனால மேல தூசு விழுந்த ஆளைக்கூடப் பக்கத்துல வெச்சிக்க யோசிப்பார்."

"ஒரு கல்யாண மோசடிப் புகார் போனா?"

சபீனாவின் முகம் மாறியது. "விசாரணை முடியற வரைக்கும் வேற எங்கயாவது தூக்கிப் போட்டுடுவாங்கன்னு நெனைக்கிறேன். பொய்னு தெரிஞ்ச பின்னாலும் பழைய சீட்டு திரும்பக் கிடைக்கிறது கஷ்டம். அப்பன் ஆத்தா இல்லாத பையன்மா. இந்த பெஞ்சுலயே படுத்துத் தூங்கிப் படிச்சவன்."

"அவன் ஏன் மாமனார் வீட்ல ஒரு வார்த்தை சொல்லல?"

"அல்வா கிண்டறது பேப்பர்ல வரும். நான் உள்ள போறேன்னு ஊரெல்லாம் டமாரம் அடிக்க மாட்டாங்க. கட்டிக்கப் போற பொண்ணுகிட்ட மட்டும் காதுல போட்டிருப்பான்."

படி இறங்கும்போது கன்னையா விரல் விட்டுக் கேஸை முடித்தார். "பையன் உள்ள கீறான். உள்ள ஃபோன் இல்ல. அப்ப பூவராகவன்னு பேசினவன் பூவராகவன் இல்ல. வரதராஜனுக்குக் கல்யாண வயசுல ஒரு புள்ள கீறான், நேத்து பெரியவரே சொன்னாரு. முறைப்பொண்ணு வெளிய போவுதேன்னு மாமன் வயிறு எரிஞ்சி ஆள் வெச்சிப் பேசியிருக்கான். டீ சாப்பிடலாமா மேடம்?"

"நல்லாத்தான் இருக்கு," என்றாள் ஜமீலா. "டீயும் சாப்பிடலாம்."

நல்லாத்தான் இருக்கு என்று அவள் சொன்னால் அது தப்பு என்று அர்த்தம். ஆனால் எங்கே தப்பு என்று கன்னையாவுக்குப் பிடிபடவில்லை.

நிச்சயதார்த்தத்துக்குப் பேசியிருந்த மண்டபத்து ஆபீஸ் அறையில் நாராயணசாமியின் குடும்பம் மொத்தமும் இருந்தது. நாராயணசாமி மேனேஜருக்காகக் காத்திருந்தார். முன்பதிவை ரத்து செய்ய வந்திருந்தார்கள். அவருடைய மனைவி தாட்சாயணி மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ரூபா ஜன்னலோரம் நின்றிருந்தாள். அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள் போல, கம்பெனிச் சட்டையோடு. வரதராஜன் நடுவில் நின்று ஃபோனை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தார்.

கன்னையா அவர் முகத்தைக் கூர்ந்து பார்த்தார். டிக்கெட் எடுக்காத மூஞ்சி. சந்தேகமே இல்லை.

"இன்னாம்மா, எதாவது தெரிஞ்சிதா?" என்றார் நாராயணசாமி.

"கொஞ்சம். ஒண்ணு ரெண்டு கேக்கணும். பையன் ஃபோன் அணைஞ்ச பிறகு யார் யார் கூப்பிட்டுப் பாத்தீங்க?"

"நானு விரலு தேயறவரைக்கும் அடிச்சேன்," என்றாள் தாட்சாயணி. "இவரு காலையில ஒரு தடவ, ராத்திரி ஒரு தடவ. இவ ஒருத்திதான் ஃபோனத் தொடவே இல்ல. பாவம், மனசு உட்டுப் போச்சி அதுக்கு."

கன்னையா ஜன்னல் பக்கம் பார்த்தார். இத்தனை சின்னப் பெண்ணுக்கு இத்தனை பெரிய ரோசம்.

"நீங்க சார்?" ஜமீலா வரதராஜனிடம் திரும்பினாள்.

"நானா? ஃபோன்ல இன்னா பேச்சு? நேரா சித்தூர் போயி அவன் பெரியப்பன் ஊட்டுக் கதவத் தட்டினேன். 'வர்றப்ப வருவான்'னு சொல்லிக்கினு பேப்பர் படிக்கிறான் அந்தாளு. அப்புறம் டெல்லியில நம்ம ஊரு பையன் ஒருத்தன் கீறான், அவனை விட்டு ரூமுக்குப் போய்ப் பாக்கச் சொன்னேன். பூட்டிக் கிடக்குது. குடும்பம் கீதுன்னானே, அங்கதான் போய்க் குந்திக்கினு இருப்பான்."

"கூப்பிட்டவன் குரல் பூவராகவனோடதுதானா?"

"ஒரு தடவதாம்மா பேசியிருக்கேன் அவர்கிட்ட," என்றார் நாராயணசாமி. "பேரைச் சொன்னாரு. நம்பினேன்."

ஜமீலா தலையாட்டினாள். பிறகு கன்னையாவின் முப்பது வருட சர்வீஸில் கேட்டிராத ஒன்றைச் சொன்னாள்.

"அப்ப மெயிலை அனுப்பிடுங்க சார்."

கன்னையாவுக்கு வாய் திறந்தது. ஜமீலா அவர் காலை மிதித்தாள். வாய் மூடியது.

"நான் சொன்னேனா இல்லியா?" என்றார் வரதராஜன். "நைசா விசாரிக்கணும், நைசா விசாரிக்கணும்னு மாமாதான் இழுத்துக்கினு இருந்தாரு."

"குடுங்க, முகவரி சரியான்னு ஒரு தடவை பாக்கறேன்." அவர் ஃபோனை வாங்கி ஜமீலா எதையோ தட்டினாள். "சரியாத்தான் இருக்கு. பட்ஜெட் பிரிவுத் தலைவருக்கே போகுது. ஆனா இதுக்கு அப்புறம் என்ன நடக்கும்னு தெரிஞ்சிக்கினு அனுப்பறது நல்லது. இந்த நேரத்துல அந்த ஆபீஸ்ல நம்பிக்கையான ஆளுங்களை மட்டும்தான் தலைவர் கூட வெச்சிருப்பார். உள்ள இருக்கிற ஒருத்தன் ஏமாத்துக்காரன்னு மெயில் போனா, அவர் நல்லவனா கெட்டவனான்னு நின்னு ஆராய மாட்டார். அவருக்கு அதுக்கு நேரம் கிடையாது. கதவைத் தொறந்து பையனை அனுப்பிடுவார். அத்தோட அந்த ஆபீஸ் பக்கமே அவன் வர முடியாது."

"வரக் கூடாது," என்றார் வரதராஜன்.

"அவனுக்காகப் பேச வீட்ல ஆளும் கிடையாது. அனுப்பறேன் சார்."

"இரும்மா," என்றார் நாராயணசாமி. "ஒரு நிமிசம்."

"இன்னா மாமா ஒரு நிமிசம்? உங்க ஒரு நிமிசத்துலதான் மண்டபத்துக்கு அட்வான்ஸ் குடுத்தீங்க."

ஜமீலாவின் கட்டைவிரல் திரையின்மேல் நின்றது. கன்னையா வரதராஜனையே பார்த்துக்கொண்டிருந்தார். மாட்டப்போகிறான், இப்போது வியர்க்கும் என்று. அவருக்கு வியர்க்கவில்லை.

"அனுப்பாதீங்கக்கா."

ஜன்னல் பக்கமிருந்து வந்தது அந்தக் குரல்.

"ஃபோன் பண்ணது அவர் இல்ல நைனா," என்றாள் ரூபா. "எங்க ஷிஃப்ட்ல தீனான்னு ஒருத்தர். நான்தான் பேசச் சொன்னேன்."

தாட்சாயணி மகளைப் பார்த்தாள், பிறகு கணவனைப் பார்த்தாள். யார் முதலில் கத்துவது என்று தெரியாத மாதிரி இருந்தது.

"அவருக்கு வேற குடும்பம்லாம் எதுவும் இல்ல. ஆபீஸ்ல பூட்டி வெச்சிருக்காங்க, பட்ஜெட் படிக்கிற வரைக்கும். போறதுக்கு முன்னாடி எங்கிட்ட சொல்லிட்டுத்தான் போனாரு. வேலைக்கு ஆபத்து வரும்னு எனக்குத் தெரியாது. கல்யாணம் நின்னா போதும்னு நெனைச்சேன்."

"ஏண்டி?" என்றாள் தாட்சாயணி.

"நாலு மாசமா வேணாம்னு சொல்லிக்கினுதான் இருக்கேம்மா. அடுத்த மாசம் லேபுக்கு என்னை இன்சார்ஜா போடறாங்க, இப்ப டெல்லி போக மாட்டேன்னு எத்தனை தடவ சொன்னேன்? நீ காய் நறுக்கிக்கினே கேட்ட. மாமா சிரிச்சாரு. நைனா, அப்புறம் பேசலாம்னாரு. அவர்கிட்டயே சொன்னேன். அவர் ஒருத்தர்தான் காது குடுத்துக் கேட்டாரு. 'வெளிய வந்ததும் நானே உங்க அப்பாகிட்ட பேசறேன்'னாரு. வர்றது ஒண்ணாந்தேதி, நீங்க நிச்சயம் வெச்சது ரெண்டாந்தேதி. வந்த ஆளைப் புடிச்சி மாலை போட்டு உக்கார வெச்சிருப்பீங்க." அவள் மூச்சு வாங்கினாள். "நான் நாலு மாசம் சொல்லி நிக்கல. மாப்பிள்ளை வேணாம்னு ஒரு ஃபோன் வந்துது. அன்னிக்கே நின்னுபோச்சு."



நாராயணசாமி மெதுவாகத் தன் ஃபோனை எடுத்தார். "பாவம் அந்தப் புள்ள. இன்னான்னு நெனைச்சிட்டோம். ஒரு வார்த்தை பேசி..." நம்பரைத் தேடியவர் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"உள்ள ஃபோன் இல்லிங்க," என்றாள் ஜமீலா. "ஒண்ணாந்தேதி வரைக்கும் நீங்க காத்துக்கினுதான் இருக்கணும்."

வரதராஜன் நாற்காலியில் உட்கார்ந்தார். அவருக்கு எல்லாமே கொஞ்சம் தாமதமாகத்தான் ஏறியது. ஏறியதும் கன்னையாவை நிமிர்ந்து பார்த்தார். "ஏமய்யா, வந்ததுலருந்து என்னையே மொறைச்சிக்கினு இருந்தியே. எதுக்கு?"

"பாக்க எங்க டிப்போ மேனேஜர் மாதிரி இருந்தீங்க," என்றார் கன்னையா.

வெளியே வந்ததும் கன்னையா வேகமாக நடந்து ஜமீலாவின் முன்னால் வந்து நின்றார். "எப்படி மேடம்?"

"அந்தப் பொய் ஃபோன் பண்ணவன் எவனா இருந்தாலும் ஒண்ணு தெரிஞ்சிருக்கணும். நிஜப் பூவராகவன் நடுவுல கூப்பிட்டு மறுக்க மாட்டான்னு தெரிஞ்சிருக்கணும். இல்லன்னா அந்தப் பொய் ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. மாமன் சித்தூருக்கும் டெல்லிக்கும் ஆள் விட்டுத் தேடினார். பூட்டி வெச்சிருக்கிறது தெரிஞ்சவர் தேடுவாரா?"

"தேட மாட்டாரு."

"காணாமப் போனவனுக்கு வீடே ஃபோன் அடிக்குது. அவனைக் கட்டிக்கப் போற பொண்ணு மட்டும் தொடவே இல்ல. எங்க இருக்கான்னு தெரிஞ்சவங்கதான் தேடாம இருப்பாங்க."

"நான் அதை ரோசம்னு நெனைச்சேன்."

"அவங்க அம்மாவும்தான்."

"சரி, அதை அங்கயே சொல்லியிருக்கலாமே. எதுக்கு மெயில் அனுப்புன்னு சொல்லி என் உசிர எடுத்தீங்க?"

"நான் சொன்னா அந்தப் பொண்ணு இல்லன்னு சாதிச்சிருக்கும். மாமன் நம்பியிருப்பார். ராத்திரி அவரே மெயிலைத் தட்டி விட்டிருப்பார். அந்தப் பையனைப் பத்தி அவளுக்கு ஒரு கெட்ட வார்த்தையும் கிடையாது, கவனிச்சீங்களா? அவன் வேலை போகும்னு தெரிஞ்சா சும்மா இருக்க மாட்டாள்னு தோணுச்சு."

"இருந்துட்டா? உங்க விரலு சறுக்கி மெயில் போயிருந்தா?"

"நெட்டை முன்னாடியே ஆஃப் பண்ணிட்டேன்."

கன்னையா பஸ் ஸ்டாண்ட் பக்கம் நடந்தார். தன் பஸ்ஸில் லேடீஸ் சீட்டில் உட்கார்ந்தவர்களை அவர் ஒருநாளும் டிக்கெட் கேட்டு அதட்டியதில்லை. எத்தனை பேர் அப்படியே போயிருப்பார்கள் என்று இப்போதுதான் யோசித்தார்.

பிப்ரவரி ஒன்றாம் தேதி காலையில் விஜயபுரத்து வீட்டில் எல்லாரும் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். "நீங்களும் வாங்கக்கா" என்று ரூபா கூப்பிட்டதால் ஜமீலாவும் கன்னையாவும் வந்திருந்தார்கள். அந்த வீட்டில் இதுவரை யாரும் பட்ஜெட்டை முழுதாகப் பார்த்ததில்லை. இன்று யாரும் சேனலை மாற்றவில்லை.

"இன்னும் எவ்ளோ நேரம் படிப்பாங்க?" என்றாள் தாட்சாயணி.

"தாளு நிறைய கீது," என்றார் கன்னையா. "அந்தக் கண்டக்டர் இன்னும் விசில் அடிக்கல."

"வேர்க்கடலைக்கு எதாவது சொன்னாங்களா?" இது வரதராஜன். அவர் பாதியில் தூங்கி எழுந்திருந்தார். யாருக்கும் தெரியவில்லை. யாரும் அதற்காகப் பார்க்கவும் இல்லை.

பேச்சு முடிந்தது. மேசையைத் தட்டினார்கள். டிவியில் கோட்டுப் போட்ட நான்கு பேர் வந்து சண்டை போட ஆரம்பித்தார்கள். நாராயணசாமி சத்தத்தைக் குறைத்தார். தாட்சாயணி சோறு போட்டாள். ரூபா சாப்பிடவில்லை, ஃபோனை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். சாப்பிட்ட தட்டுகளைக் கழுவி முடித்த நேரத்தில் அது அதிர்ந்தது. திரையில் பூவராகவன் பெயர்.

ரூபா அப்பாவைப் பார்த்தாள். "நீங்க பேசறீங்களா நைனா?"

நாராயணசாமி கையை நீட்டினார். நீட்டிய கையை, கொஞ்சம் யோசித்து, மடக்கிக்கொண்டார்.

"நீ பண்ணதுக்கு நீ மன்னிப்பு கேளு. நாங்க நெனைச்சதுக்கு நானு அப்பால கேக்கறேன். கல்யாணத்தப் பத்தி நீ இன்னா சொல்றியோ அதான்."

"ஸ்பீக்கர்ல போடும்மா," என்றார் வரதராஜன், நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டு.

நாராயணசாமி எழுந்து மச்சானின் தோளில் கை வைத்தார். "வா, மோட்டார் ஓடிக்கினு கீது. தண்ணி கடைமடைக்குப் போவுதான்னு பாத்துட்டு வரலாம்."

"இப்பவா?"

"இப்பத்தான்."

ரூபா கதவைச் சாத்திக்கொண்டு, "ஹலோ, நான்தான்," என்றாள்.